ஸ்ரியரிங் உதறினால் முதலில் எதைப் பார்ப்பது?

சென்ற மாதம் வாகனப் பராமரிப்புப் பற்றி வானொலியில் பேசியபோது, தொலைபேசியில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான்: “ஓடேக்குள்ள ஸ்ரியரிங் உதறுது, என்ன செய்யிறது?” கேட்டவர்களில் பெரும்பாலானோர் எஸ்.யு.வி. வைத்திருப்பவர்கள். நேரம் போதாமையால் அன்று சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. விட்டதை இங்கே எழுதுகிறேன்.

விட்பியில் இருந்து ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் வேலைக்குப் போகும் நாங்கள் 401இலும் 407இலும் நாளாந்தம் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறோம். ஊரில் நிலைமை வேறு. 90களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40 கார் எங்கள் றோட்டுகளில் எவ்வளவு வேகம் போகும்? சில்லில் சிறு குறை இருந்தாலும் கைக்குத் தெரியவராது. இங்கே தெரியும்.

ஏன் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். நடுத்தர எஸ்.யு.வி. ஒன்றின் ரயர் 100 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்குச் சுமார் 12 தடவை சுற்றுகிறது. றிம்மின் ஒரு பக்கத்தில் 30 கிராம் மட்டும் பாரம் கூடியிருந்தால், அது அந்த வேகத்தில் ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சில்லை இழுக்கும். வேகம் 50 ஆகக் குறைந்தால் அந்த விசை காற்பங்காகிவிடும். அதனால்தான் பலன்சிங் பிழைத்த வாகனம் விட்பி ஊருக்குள் அமைதியாக ஓடி, நெடுஞ்சாலையில் ஏறி 80ஐத் தாண்டியதும் உதறத் தொடங்குகிறது.

ஆகவே கராஜுக்குப் போகமுன் மூன்று விடயங்களைக் கவனித்துக் குறித்து வையுங்கள். எந்த வேகத்தில் வருகிறது? எதைச் செய்யும்போது வருகிறது? எங்கே தெரிகிறது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, 80க்கும் 110க்கும் இடையில் மட்டும் வரும் உதறல். ஸ்ரியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சில்லு. இருக்கையில் தெரிந்தால் பின் சில்லு. பலன்சிங் ஈயக்கட்டி விழுந்திருக்கலாம், அல்லது குழியில் விழுந்து றிம் நெளிந்திருக்கலாம். முன் சில்லுகளையும் பின் சில்லுகளையும் இடம்மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. உதறல் ஸ்ரியரிங்கில் இருந்து இருக்கைக்குப் போனால் குறை சில்லில்தான், ஸ்ரியரிங் பாகங்களில் இல்லை.

இரண்டாவது, பிறேக் பிடிக்கும்போது மட்டும் வரும் உதறல். இது முன் பிறேக் றோட்டரின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறியிருப்பதன் அடையாளம். உப்புப் போட்ட றோட்டில் ஓடிவிட்டுப் பல நாள் அசையாமல் நிற்கும் வாகனங்களில் றோட்டர் துருப்பிடிப்பதும் இதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது, அக்சிலறேற்றரை அமத்தும்போது வந்து, காலை எடுத்ததும் குறையும் நடுக்கம். முன் அச்சின் உட்புற மூட்டைப் பாருங்கள். நான்கு சில்லும் இழுக்கும் வாகனமாகவிருந்து நடுக்கம் தரையில் தெரிந்தால், பின்னுக்குப் போகும் நீளத் தண்டையும் பார்க்கவேண்டும்.

நான்காவது, 20, 30 கிலோமீற்றர் வேகத்திலேயே ஸ்ரியரிங் இடமும் வலமுமாக ஆடுவது. இது உதறல் அல்ல, ஆட்டம். ரயரின் உள்ளே இருக்கும் உருக்குப் பட்டி பிரிந்திருக்கலாம்; சில்லு நட் தளர்ந்திருக்கலாம். ரயரில் எங்காவது வீக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த ரயரில் நெடுஞ்சாலை ஏறவேண்டாம்.

ஐந்தாவது, ஒரு மேடு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்ரியரிங் கைக்கு அடங்காமல் ஆடுவது. இது ஜீப் றாங்ளர் போல முன்பக்கம் ஒரே திட அச்சு உள்ள வாகனங்களுக்குரிய குறை. எங்கள் வீடுகளில் அதிகம் இருக்கும் றாவ்-4, சீ.ஆர்.வி., றோக் போன்றவற்றின் முன் சில்லுகள் தனித்தனியே தொங்குபவை. அவற்றில் இந்தப் பேயாட்டம் வழமையில்லை. வந்தால் பதற்றப்படாமல் ஸ்ரியரிங்கை உறுதியாகப் பிடித்து, மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரத்தில் நிறுத்துங்கள்.

‘அலைன்மென்ற் செய்தால் சரிவரும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அலைன்மென்ற் பிழைத்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் ஒரு பக்கமாகத் தேயும். உதறலுக்கு நேரடிக் காரணம் அதுவல்ல.

நிகழ்ச்சிக்கு அழைத்த ஒரு தங்கச்சிக்கு ஒரு கராஜில் 1,800 டொலர் கணக்குச் சொல்லியிருந்தார்கள். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். “பெரிய ஸ்னோ கொட்டின அடுத்த நாள், அண்ணை” என்றார். றிம்மின் உட்புறத்தைச் சுடுநீரால் நன்றாகக் கழுவிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே இறுகியிருந்த பனிக்கட்டி போனதும் உதறலும் போய்விட்டது. பனிக்காலத்தில் முதலில் பார்க்கவேண்டியது இதுதான். செலவு சில டொலர்.

வின்ரர் ரயர் மாற்றியதும் உதறல் தொடங்கினால், சில்லு போய் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருக்கிறதா, வேறு வாகனத்து றிம் அதில் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். சில்லு மாற்றிய பின் முதல் 100 கிலோமீற்றருக்குள் நட்களை ரோர்க் சாவியால் மீண்டும் இறுக்கிப் பார்ப்பது அவசியம். எவ்வளவு இறுக்கம் என்பது வாகனக் கைநூலில் உண்டு. இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 1995இல் லொறிகளில் இருந்து கழன்று பறந்த சில்லுகள் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் காரில் போனவர்களின் உயிரைப் பறித்தன. அதையடுத்து 1997இல் வந்த சட்டப்படி, வர்த்தக வாகனத்தின் சில்லு கழன்றால் 2,000 முதல் 50,000 டொலர் வரை தண்டம். ‘நான் கவனமாகத்தான் இருந்தேன்’ என்ற வாதம் அங்கே செல்லாது.

இனிக் கராஜுக்குப் போவோம். ரை-றொட், போல் ஜொயின்ற் மாற்றவேண்டும் என்றால், வாகனத்தை உயர்த்தி, காட்டச் சொல்லுங்கள். சில்லின் இடதிலும் வலதிலும் பிடித்து அசைக்கும்போது ஆடினால் ரை-றொட் பக்கம். மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆடினால் போல் ஜொயின்ற் அல்லது பெயாரிங். ஆட்டமே இல்லையென்றால், ஏன் மாற்றவேண்டும் என்று கேளுங்கள். ஆங்கிலம் தடக்குகிறதென்று பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு வராதீர்கள். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். இறுதிக் கணக்கு அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. கழற்றிய பழைய பாகங்களைத் தரும்படி முன்கூட்டியே கேட்கலாம். போட்ட புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

இந்தப் பக்கத்தை வெட்டி வாகனத்தின் கையுறைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். உதறல் வரும் நாளில் வேகம், செயல், இடம் மூன்றையும் அதில் குறித்து மெக்கானிக்கிடம் நீட்டுங்கள். அடுத்த மாதம் பற்றரி பற்றிப் பேசுவோம்.