எபிசோட் 41: மூணு நாற்பத்திரண்டுக்கு யார் எழுந்தது?

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல நாலு மாசம் இடைவெளி. "என்னாச்சு, பாட்காஸ்ட்டை மூடிட்டீங்களா"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. மூடலை. எங்களுக்குப் பொண்ணு பிறந்திருக்கா. 40 வாரத்துல வர வேண்டியவ 30 வாரத்துலயே வந்துட்டா, 1,240 கிராம். நாங்க இருக்கிறது டாலஸ்ல. 7 வாரம் என்ஐசியு-ல இருந்துட்டு வீட்டுக்கு வந்தப்போ அவகூட ஒரு மெஷினும் வந்துச்சு. இன்னைக்கு அந்த மெஷினைப் பத்தித்தான் பேசப் போறேன்.

முதல்ல, எதுக்கு அந்த மெஷின்? குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு விடணும்ங்கிற கட்டளையை அனுப்புற மூளைப் பகுதி இன்னும் முழுசா முதிர்ந்திருக்காது. அதனால திடீர்னு மூச்சு நிக்கும். 20 செகண்டோ அதுக்கு மேலயோ நின்னா அதுக்கு 'ஆப்னியா'ன்னு பேரு. அதை விடக் குறைவான நேரம் நின்னாலும், கூடவே இதயத் துடிப்பு இறங்கினா அதையும் கணக்குல எடுப்பாங்க. இதுக்கு மருந்து என்ன தெரியுமா? காஃபின். ஆமா, நம்ம ஃபில்டர் காபியில இருக்கிற அதே காஃபின்தான், அளவா சொட்டு மருந்தா கொடுப்பாங்க. பாப்பாவுக்கு 34-வது வாரத்துல அதை நிறுத்தினாங்க. ஆனா 36-வது வாரத்துல ஒரு தடவை மறுபடி மூச்சு நின்னுது. அதனாலதான் டாக்டர், "மானிட்டரோட வீட்டுக்குப் போங்க"ன்னு சொன்னார்.

இது எல்லாக் குழந்தைக்கும் தேவைப்படுற சமாச்சாரம் இல்லை, இதை அழுத்திச் சொல்றேன். இந்த மானிட்டர் கலாச்சாரம் அமெரிக்காவுல பெருசானதுக்கே ஒரு விசித்திரமான கதை இருக்கு. 1972-ல ஆல்ஃப்ரெட் ஸ்டைன்ஷ்னைடர்ங்கிற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். தூக்கத்துல குழந்தைகள் காரணமே தெரியாம இறந்து போறதுக்கும் மூச்சு நிக்கிறதுக்கும் தொடர்பு இருக்குன்னு அதுல சொன்னார். அதுக்கப்புறம் வீட்டு மானிட்டர்கள் பரவலா விற்பனைக்கு வந்துச்சு. அந்தக் கட்டுரையில ஒரே குடும்பத்துல இறந்துபோன ரெண்டு குழந்தைங்க முக்கிய உதாரணமா வந்தாங்க. 1995-ல நியூயார்க் மாநில நீதிமன்றத்துல அந்தக் குழந்தைகளோட அம்மாதான் அவங்களைக் கொன்னாங்கன்னு தீர்ப்பாச்சு. அஸ்திவாரமே அப்படி. 2003-ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், தூக்கத்துல வர்ற திடீர் மரணத்தைத் தடுக்கணும்னு இந்த மானிட்டரை எழுதிக் கொடுக்காதீங்கன்னு வெளிப்படையாவே சொல்லிடுச்சு. எங்க பாப்பா மாதிரி மூச்சு நிக்கிற ஆபத்து இன்னும் மிச்சம் இருக்கிற குறைமாதக் குழந்தைகளுக்குக் கொஞ்ச காலத்துக்கு உபயோகமா இருக்கலாம்னாங்க.

சரி, வீட்டுக்கு வந்தோம். முதல் ராத்திரி 9 அலாரம். எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் நானும் மனைவியும் தூக்கிவாரிப் போட்டு எழுந்து ஓடினோம். பாப்பா நிம்மதியா தூங்கிட்டிருந்தா. அலாரத்துக்கு அழுதது நாங்கதான்.

மூணாவது நாள் நான் எஞ்சினியர் புத்தியோட மேனுவலை எடுத்து உட்கார்ந்தேன். நெஞ்சைச் சுத்தி ஒரு மென்மையான பெல்ட், அதுக்குள்ள ரெண்டு கருப்பு ரப்பர் பட்டை, அக்குளுக்கு நேர் கீழே பக்கத்துக்கு ஒண்ணு. அதுதான் எலெக்ட்ரோடு. உணரவே முடியாத சின்ன மின்னோட்டம் ஒண்ணு ஒரு பட்டையிலிருந்து இன்னொண்ணுக்குப் போகும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரியும், மின்தடை கொஞ்சம் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் மெஷின் 'மூச்சு'ன்னு எண்ணுது. அதாவது, அது மூச்சுக் காற்றைப் பார்க்கவே இல்லை. நெஞ்சோட அசைவைத்தான் பார்க்குது. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா முக்கால்வாசிப் பொய் அலாரம் புரிஞ்சிடும்.

குழந்தை ஆழ்ந்த தூக்கத்துல மேலோட்டமா மூச்சு விட்டா அசைவு பத்தாது. மெஷின் "மூச்சே இல்லை"ன்னு கத்தும். இதுக்கு நேர் எதிரானதும் உண்டு, அதுதான் பயங்கரம். தொண்டையில அடைப்பு வந்து காற்று போகலைன்னாலும் நெஞ்சு போராடி அசையும். அப்போ மெஷின், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ன்னு சும்மா இருக்கும். இதயத் துடிப்பு இறங்கினாத்தான் கண்டுபிடிக்கும். அதனால மானிட்டர் இருக்குன்னு குழந்தையைப் பார்க்காம இருக்க முடியாது.

இன்னொரு காரணத்தை எங்க வீட்டுல கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆச்சு. திருச்சியிலிருந்து அத்தை வந்திருந்தாங்க. தினமும் காலையில பாப்பாவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி விடுவாங்க. குளிப்பாட்டி பெல்ட்டைப் போட்ட அரை மணி நேரத்துல 'பீ...'ன்னு விடாம ஒரு சத்தம். எங்க மெஷின்ல ரெண்டு விதமான சத்தம் உண்டு. விட்டு விட்டு அடிச்சா மூச்சு இல்லேன்னா துடிப்புப் பிரச்சினை. விடாம அடிச்சா எலெக்ட்ரோடு தொடர்பு போச்சுன்னு அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற தோல்ல அந்த ரப்பர் சரியா ஒட்டாது. பவுடர், லோஷன் எல்லாத்துக்கும் இதே கதைதான். நான் தயங்கித் தயங்கி அத்தைகிட்ட சொன்னேன். "எங்க வீட்டுல மூணு பிள்ளை எண்ணெய் தடவித்தான் வளர்ந்துச்சு மாப்பிள்ளை"ன்னாங்க. கடைசியில சமாதானம் ஆனது: கை, காலுக்கு எண்ணெய், நெஞ்சுக்கு இல்லை. தூளி கட்டலாம்னும் கேட்டாங்க. தூளி ஆடுற அசைவையே மெஷின் மூச்சுன்னு நினைச்சுக்கும். அதை விட முக்கியம், சின்னக் குழந்தைக்குத் தூளியில தாடை நெஞ்சோட மடங்கி மூச்சுப்பாதை அடைபடலாம். தட்டையான படுக்கையில மல்லாக்கப் படுக்க வைக்கணும். அதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்கலை.

வேலையில ஆன்-கால் பார்க்கிறவங்களுக்கு இந்தக் கதை நல்லாத் தெரியும். சர்வர் ஒண்ணு தினமும் பொய்யா அலர்ட் அடிச்சா, பத்தாவது தடவை தூக்கத்துலயே அக்னாலெட்ஜ் பட்டனைத் தட்டிட்டுத் திரும்பிப் படுத்துக்குவோம். நம்ம 'புலி வருது' கதைதான். ஆஸ்பத்திரிகள்லயும் இது பெரிய பிரச்சினை, இதுக்கு 'அலாரம் ஃபடீக்'னே பேர் வெச்சிருக்காங்க. இதெல்லாம் எனக்குத் தெரியும். வேலையில இதைப் பத்தி ஸ்லைடு போட்டுப் பேசியிருக்கேன். அப்படியும் நடந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு மெஷினோட மெமரியை எடுத்துப் பார்க்க ஒரு டெக்னீஷியன் அம்மா வந்தாங்க. எங்க நோட்டுல ஒவ்வொரு அலாரத்தையும் எழுதச் சொல்லியிருந்தாங்க: நேரம், பாப்பாவோட நிறம், மூச்சு விட்டாளா, நாம என்ன செஞ்சோம். மெமரியில மொத்தம் 52 அலாரம். 39 எலெக்ட்ரோடு கழண்டது. 11 மேலோட்டமான மூச்சு. 2 நிஜம். அதுல ஒண்ணு எங்க நோட்டுல இருந்துச்சு: பால் குடிச்ச பிறகு, உதடு வெளுத்துச்சு, பாதத்தைத் தேய்ச்சதும் மூச்சு வந்துச்சு. இன்னொண்ணு, ராத்திரி 3:42. நோட்டுல அந்த இடம் காலி.

கிராஃபைப் பார்த்தேன். 23 செகண்ட் மூச்சுக் கோடு தட்டையா கிடக்கு. துடிப்பு 140-லிருந்து 95-க்கு வந்து, அப்புறம் தானா ஏறுது. பாப்பா தானாவே மூச்சை எடுத்துட்டா. எங்க மெஷின்ல அலாரம் அடிச்சு ஓய்ஞ்சாலும் சிவப்பு விளக்கு எரிஞ்சிட்டே இருக்கும், யாராவது ரீசெட் அழுத்தினாத்தான் அணையும். காலையில விளக்கு எரியலை. அப்போ யாரோ அழுத்தியிருக்கோம். மெஷின் என் பக்கத்துல, கை எட்டுற தூரத்துல இருந்துச்சு. நான்தான். எனக்கு ஞாபகமே இல்லை. மனைவி எதுவும் சொல்லலை. சொல்லியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அன்னைக்கே எல்லாத்தையும் மாத்தினோம். மெஷின் அறையோட அந்தப் பக்கம் போச்சு, நடந்து போய்த்தான் அழுத்தணும். போற வழியில தொட்டில். முதல்ல குழந்தை, அப்புறம்தான் பட்டன். லைட்டைப் போட்டு உதட்டு நிறம் பார்க்கணும், நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்க்கணும். மூச்சு விட்டா எழுப்பக் கூடாது, பெல்ட்டை மட்டும் சரிபார்க்கணும். விடலைன்னா மெதுவா தொடணும், பாதத்தையோ முதுகையோ தேய்க்கணும். எந்தக் காரணத்துக்கும் குலுக்கக் கூடாது. அப்பவும் மூச்சு வரலைன்னா சிபிஆர், இங்கே 911, நம்ம ஊர்ல 108. டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில பொம்மையை வெச்சு சிபிஆர் கத்துக்கொடுத்தாங்க. வீடியோ பார்த்துக் கத்துக்கலாம்னு நினைக்காதீங்க, கையால செஞ்சு பாருங்க.

அப்புறம், ஷிஃப்ட். ரெண்டு பேரும் எல்லா அலாரத்துக்கும் எழுந்தா ரெண்டு பேருமே உருப்படியா எழுந்திருக்க மாட்டோம். 9-லிருந்து 2 வரைக்கும் மனைவி, 2-லிருந்து 7 வரைக்கும் நான். ஷிஃப்ட் இல்லாதவங்க ஹால்ல, காதுல பஞ்சோட. அத்தை கேட்காமலே காலை ஷிஃப்டை எடுத்துக்கிட்டாங்க. பெல்ட்டை ரெண்டு விரல் நுழையுற அளவுக்கு இறுக்கிக் கட்டக் கத்துக்கிட்டோம். அடுத்த ரெண்டு வாரத்துல மொத்தமே 14 அலாரம்தான், நிஜம் எதுவும் இல்லை. நோட்டுல பதினாலும் இருந்துச்சு.

எப்போ நிறுத்துறது? 2001-ல 'சைம்'னு ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. 1,079 குழந்தைகளை வீட்டிலேயே கண்காணிச்சாங்க. அதுல 41 சதவீதம் பேருக்கு வழக்கமான அலாரம் எல்லையைத் தாண்டுற நிகழ்வு ஒரு தடவையாவது வந்திருக்கு. அதுல ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தைகளும் உண்டு! குறைமாதக் குழந்தைகளுக்குத் தீவிரமான நிகழ்வு வர்ற கூடுதல் ஆபத்து, கர்ப்பக் கணக்குல 43 வாரம் வரைக்கும்தான்னு தெரிஞ்சுது. எங்க டாக்டரும் அந்தக் கணக்கைத்தான் சொன்னார். மெமரியைப் பார்த்துட்டு, 43-வது வாரத்துல "திருப்பிக் கொடுத்துடுங்க"ன்னார்.

ஆறு வாரமா அதைத் திட்டிட்டிருந்த நாங்க, கொடுக்கிற அன்னைக்கு இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கலாமான்னு கேட்டோம். சிரிச்சுட்டு, வேணாம்னுட்டார். மெஷின் இல்லாத முதல் ராத்திரி, யாரு ஷிஃப்டுன்னு பேசிக்கவே இல்லை. ரெண்டு பேரும் தொட்டில் பக்கத்துல தரையில உட்கார்ந்து அவ நெஞ்சையே பார்த்துட்டிருந்தோம், எப்போ தூங்கினோம்னு தெரியலை. கண்ணு முழிச்சப்போ அத்தை நின்னுட்டிருந்தாங்க, கையில தேங்காய் எண்ணெய் பாட்டில். "இனிமே நெஞ்சுலயும் தடவலாம்ல, மாப்பிள்ளை?"