கொரோனாவுக்குப் போட்ட பூட்டில் மாட்டிய மற்ற வைரஸ்கள்

2020-21 குளிர்காலத்தில் அமெரிக்காவில் கொரோனா உச்சத்தில் இருந்தது. அதே மாதங்களில் வழக்கமாக ஆட்டம் போடும் ஃப்ளூவைக் கிட்டத்தட்ட காணவே இல்லை. முகக்கவசம், தனிமனித இடைவெளி எல்லாம் இரண்டுக்கும் பொதுதானே? ஒன்று அடங்கியது, இன்னொன்று ஏன் அடங்கவில்லை என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம்.

விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார்? பருவகால ஃப்ளூவுக்கு இது சுமார் 1.3. ஏற்கெனவே ஃப்ளூ வந்தவர்கள், தடுப்பூசி போட்டவர்கள் நிறையப் பேர் இருப்பதால் அது அவ்வளவு எளிதாகப் பரவ முடியாது. ஆரம்பகாலக் கொரோனாவுக்கோ கிட்டத்தட்ட 3.

இப்போ கட்டுப்பாடுகள் பரவலைப் பாதியாக்கின என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளூ 0.65 ஆகிவிடும். 100 பேர், அடுத்த சுற்றில் 65, பிறகு 42. தானாகவே அணைந்துவிடும். கொரோனா 1.5 ஆகும். 100 பேர் 150, பிறகு 225. வேகம் குறையும், ஆனால் நிற்காது. அதே பிரேக்தான், வண்டிதான் வேற.

அப்போ கட்டுப்பாடு நல்லதுதானே என்று நினைத்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் கதை என்னை நிறுத்தியது. கைக்குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் தரும் ஆர்எஸ்வி, 2020 குளிர்காலத்தில் அங்கே 98 சதவீதம் குறைந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், கோடை நெருங்கும் நேரத்தில், வழக்கமான பருவ உச்சத்தையும் தாண்டித் திரும்பி வந்தது. அந்த வைரஸைச் சந்திக்காமலே வளர்ந்த குழந்தைகள் அதற்குள் நிறையச் சேர்ந்துவிட்டார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய குழந்தைகளும் பாதிக்கப்பட்டார்கள். அதாவது நோய் ஒழியவில்லை, தள்ளிப்போனது. இந்த மாதிரி நேரத்தில் காலண்டரை நம்பிக் குழந்தைகள் வார்டைத் திட்டமிட முடியாது.

எல்லாமே திரும்பி வந்ததா என்றால், அதுவும் இல்லை. இன்ஃப்ளூயன்சா பி-யில் யமகட்டா என்று ஒரு வகை. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது இயற்கையாகப் பரவியதாக உறுதியான பதிவு எதுவும் இல்லை. 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம், ஃப்ளூ தடுப்பூசியில் இனி அதைச் சேர்க்கத் தேவையில்லை என்றது.

ஒரே பூட்டுதான். கொரோனாவுக்கு வேகத்தடை, ஆர்எஸ்விக்குத் தவணை, யமகட்டாவுக்கு அநேகமாக முடிவு. அடுத்த முறை ஊரடங்கு வந்தால், எந்த நோய் குறைந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. எது பின்னால் வரிசையில் நிற்கிறது என்றும் பார்க்கணும்.