பாட்டிலுக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர்

காலை 6 மணி நிகழ்ச்சிக்காக நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மணி 4.45. அந்த இருட்டில் கார் அழுக்காக இருந்தால் என்ன, பளபளப்பாக இருந்தால் என்ன? நிகழ்ச்சி முடிந்து 10 மணிக்கு வெளியே வரும்போதுதான் வண்டியின் லட்சணம் தெரியும். நிலையத்தின் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் எனக்கு வாய்ப்பது எப்போதும் அங்சானா மரத்தடிதான். பூக்கும் காலத்தில் கார் முழுக்க மஞ்சள். பூக்காத காலத்தில் மைனாக்களின் உபயம்.

என் கார் ஒரு கறுப்பு புரோட்டோன் வீரா. என்னுடையது என்பதைவிட அப்பாவுடையது என்பதே சரி. 22 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் முதலாளியின் காரை ஓட்டியவர் அவர். தினமும் முதலாளி இறங்கி வருவதற்கு முன்பே அந்தக் காரைக் கழுவித் துடைத்து நிறுத்திவிடுவார். தமக்கென்று ஒரு கார் வாங்கியது 2002இல்தான். சர்க்கரை நோயால் கண் பார்வை மங்கிய பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு முன் சாவியை என் கையில் கொடுத்தார். அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "காடிய வெயில்ல போட்டாலும் பரவால்லம்மா, அழுக்கோட தேய்க்காத."

நான் அதைத்தான் செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை

வானொலி அறிவிப்பாளர்களுக்கு வார இறுதியில் இன்னொரு வேலை உண்டு, திருமண விருந்துகளில் நிகழ்ச்சி நெறியாளர் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை ஈப்போவில் ஒரு விருந்தை முடித்துவிட்டு நள்ளிரவில் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பினேன். மறுநாள் மாலை கிள்ளானில் இன்னொரு விருந்து. காரின் முன்பக்கம் முழுவதும் செத்த பூச்சிகள், பக்கவாட்டில் லாரிகள் இறைத்த புழுதி.

நான் குடியிருப்பது அடுக்குமாடியில். கீழ்த்தள நிறுத்துமிடத்தில் குழாய் கிடையாது, கார் கழுவ அனுமதியும் கிடையாது. உங்களில் பலருக்கும் இதே நிலைதான் இருக்கும். கையில் 28 ரிங்கிட்டுக்கு வாங்கிய ஸ்பிரே டீடெய்லர் பாட்டில் இருந்தது. அடித்துத் துடைத்தால் போதும், ஐந்தே நிமிடத்தில் புதுக் கார் என்று நினைத்துக்கொண்டேன். பழைய காலர் சட்டை ஒன்றை எடுத்து, பானெட்டில் மருந்தை அடித்து, வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தேன். கீழ்த்தளக் குழல் விளக்கில் கார் கண்ணாடிபோல் மின்னியது. விருந்துக்குப் போனேன், பாராட்டும் வாங்கினேன்.

ஞாயிறு மதியம் அப்பா வீட்டு வாசலில் வெயிலில் நிறுத்தியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பானெட்டில் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றிலும் சிலந்தி வலை பின்னியதுபோல் ஆயிரம் கீறல்கள். அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன். அவருக்குத்தான் பார்வை மங்கலாயிற்றே.

அவர் பேசாமல் வந்து பானெட்டின் மேல் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் நின்றார். நகத்தால் மெல்லத் தடவினார். "இங்க ரெண்டு கோடு இருக்கு. என்னத்தால துடைச்ச?" என்றார். சட்டைப் பொத்தானுக்கு அடியில் சிக்கிய மணல் போட்ட கோடுகள் அவை. "தண்ணி ஊத்தித்தான்பா துடைச்சேன்" என்று சொல்ல வாய் வரை வந்தது. தினமும் மைக்கின் முன் ஆயிரம் பேச்சுப் பேசுகிற எனக்கு அந்த ஒரு பொய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "வாளிய எடுத்துட்டு வா" என்றார். அன்று அவரிடமும், பிறகு பட்டறையில் சாயத்தைச் சரிசெய்த தம்பியிடமும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

ஸ்பிரே டீடெய்லரில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனுடன் வழுவழுப்பைத் தரும் பொருள்கள், பளபளப்புக்கும் சிறிது பாதுகாப்புக்கும் பாலிமர், சிலிக்கோன் அல்லது மெழுகு. சாயத்தின் மேல் லேசாகப் படிந்த தூசியை வழுக்கி வர வைப்பதும், விரல் தடம், நீர்த்துளிக் கறை போன்றவற்றைத் துடைப்பதும், முன்பே பூசிய மெழுகின் பளபளப்பைப் புதுப்பிப்பதும்தான் அதன் வேலை. கழுவிய காருக்கு அது கடைசித் துடைப்பு. கழுவுவதற்குப் பதிலாக வந்த பொருள் அல்ல.

ஏன் என்று கேட்டால், காரின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. சாலைப் புழுதியில் இருக்கும் மணல் துகள் அந்தப் பூச்சைவிடக் கடினமானது. புழுதியோடு தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். பாட்டிலில் உள்ள வழுவழுப்பு, மெல்லிய தூசியைச் சமாளிக்கும். ஈப்போவிலிருந்து வந்த புழுதியைச் சமாளிக்காது.

கடையில் இதே அளவுப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. டீடெய்லர் தரும் பாதுகாப்பு சில நாள்களிலிருந்து இரண்டு மூன்று வாரம் வரை. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் அதற்கும் குறையலாம். ஸ்பிரே மெழுகு இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். 'செராமிக் ஸ்பிரே' என்று வருவது, சுத்தமான சாயத்தில் முறையாகப் பூசினால் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும். தண்ணீரில்லாமல் கழுவும் திரவம் என்பது வேறு வகை, அதில் வழுவழுப்பு அதிகம். அதையும் சேறு, மணல் உள்ள காரில் பயன்படுத்தக்கூடாது. எந்த பிராண்டு நல்லது என்று கேட்காதீர்கள். வானொலியில் பழகிய வாய், பெயர் சொன்னால் விளம்பரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்துவிடுமோ என்ற பயம். பாட்டிலின் பின்புறத்தைப் படித்தாலே எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

ரொட்டிப் பை சோதனை

காரைக் கழுவி முடித்ததும் அப்பா செய்யும் ஒரு வேலை சிறு வயதில் எனக்கு வேடிக்கையாக இருக்கும். மெல்லிய ரொட்டிப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு சாயத்தின் மேல் மெதுவாகத் தடவுவார். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் துல்லியமாகத் தெரியும். பட்டறைத் தம்பியும் இதையே செய்து காட்டியபோது ஆச்சரியப்பட்டேன்.

கழுவிய பிறகும் பை சொரசொரத்தால், மரப்பிசினோ, தாரோ, காற்றில் வந்த இரும்புத் துகளோ சாயத்தில் ஒட்டியிருக்கிறது என்று பொருள். தாருக்குத் தனிக் கரைப்பான் உண்டு. மற்றவற்றுக்குக் 'கிளே பார்' என்ற களிமண் கட்டி. அதை வறட்சியாகத் தேய்க்கக்கூடாது. டீடெய்லரை நிறைய அடித்து, அந்த வழுவழுப்பின் மேல்தான் நகர்த்த வேண்டும். முடித்ததும் மெழுகோ செராமிக் ஸ்பிரேயோ பூசிவிட வேண்டும், ஏனென்றால் பழைய பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

துடைக்கும் முறை

முதலில் தண்ணீர். வீட்டில் குழாய் இருந்தால் மேலிருந்து கீழாக ஊற்றி, கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது பூசிய மெழுகையும் எடுத்துவிடும். என்னைப்போல் அடுக்குமாடியில் இருப்பவர்கள், நாணயம் போட்டுக் கழுவும் நிலையத்தில் புழுதியை அடித்து இறக்கிவிட்டு, கீழ்த்தள நிழலில் மற்றதைச் செய்யலாம். கோழி இறகுத் துடைப்பானை மட்டும் காருக்குள் வைக்காதீர்கள். கண்டால் கை சும்மா இருக்காது.

கார் சூடாக இருக்கும்போது மருந்தடித்தால் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாகிவிடும். உள்ளங்கையைப் பானெட்டில் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் காத்திருங்கள்.

துணி, மைக்ரோஃபைபராக இருக்கட்டும். இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு கதவுக்கு ஒரு பக்கம் என்று திருப்பிக்கொண்டே போங்கள். ஒரு பகுதிக்கு இரண்டு மூன்று முறை அடித்தால் போதும். கூரையில் தொடங்கி, அழுக்கு அதிகமுள்ள கதவின் அடிப்பகுதியில் முடியுங்கள். அழுத்தாமல் நேர்க்கோட்டில் இழுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். இன்னொரு காய்ந்த துணியால் லேசாக ஒற்றி எடுத்தால் பளபளப்பு வந்துவிடும். துணி கீழே விழுந்துவிட்டால் அன்றைக்கு அதற்கு விடுமுறை. துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்காமல், துணி மென்மையாக்கும் திரவம் போடாமல் தனியாகத் துவைக்க வேண்டும்.

முன் கண்ணாடியில் டீடெய்லர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை இரவில் வைப்பர் ஓடும்போது மங்கல் படலம் தெரியும், ஆபத்து. டயர், பிரேக் தட்டு, மோட்டார் சைக்கிள் இருக்கை ஆகியவற்றிலும் வேண்டாம். வழுவழுப்பு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மேட் சாயம் பூசிய கார் வைத்திருப்பவர்கள் அதற்கென்று உள்ள மருந்தை மட்டுமே வாங்க வேண்டும்.

காகமும் வெயிலும்

கிள்ளான்காரர்களுக்குக் காகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே கிளியர் கோட்டில் தடம் விழலாம். அதனால் இந்த ஒரு விஷயத்தில் வார இறுதி வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் அவசரப்பட்டுச் சுரண்டவும் வேண்டாம், எச்சத்தில் விதையும் மணலும் இருக்கும். ஈரமான டிஷ்யூவையோ டீடெய்லர் நனைத்த துணியையோ அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்து, ஊறியதும் அப்படியே அள்ளி எடுத்துவிடுங்கள். மிச்சத்தைப் புதிய துணியால் ஒரே திசையில் துடையுங்கள். செத்த பூச்சிகளுக்கும் இதே வைத்தியம்தான்.

என் கார் பூட்டில் இப்போது எப்போதும் இருப்பவை ஒரு டீடெய்லர் பாட்டில், ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல், மூடிய பையில் நான்கு துணிகள். தண்ணீர் விநியோகத் தடை அறிவிப்பு வருகிற நாள்களில் இவையே போதும், காரை முழுதாகத் துடைக்க முயலாதவரை.

அந்த இரண்டு கோடுகள்

பட்டறையில் போலிஷ் போட்டதும் சிலந்தி வலை மறைந்தது. ஆனால் போலிஷ் என்பது கீறலை மூடுவதல்ல, கீறலின் ஆழத்துக்கு மேல்பூச்சையே சிறிது தேய்த்து எடுப்பது. "அக்கா, வயசான சாயம். இன்னும் ஒரு தடவை செய்யலாம், அப்புறம் கேட்காதீங்க" என்றார் அந்தத் தம்பி. நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலைப் போலிஷால் எடுக்கப் பார்த்தால் கிளியர் கோட்டே போய்விடுமாம். அதனால் அந்த இரண்டு கோடுகளை விட்டுவிட்டார்.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் அப்பா வீட்டு வாசலில் காரைக் கழுவுகிறேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் எந்தப் பகுதியில் இருக்கிறேன் என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "கதவுக்குக் கீழ தண்ணி பத்தல" என்பார். பத்தியிருக்காது. கடைசியில் பாட்டிலை எடுத்து அடிக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து வருவார், ரொட்டிப் பையோடு.

"அந்த ரெண்டு கோடு இருக்கா?"

"இருக்குப்பா."

நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிட வா" என்று உள்ளே போவார்.