சுனௌலி தாண்டினால் வெளிநாடு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: நேபாள ஊழியம், பத்து நாள், விருப்பமுள்ள வாலிபர்கள் பேர் கொடுக்கலாம். மும்பை தாராவி 90 அடி ரோட்டிலோ மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலோ பேர் கொடுக்க ஆளுக்கா பஞ்சம்? குர்லா டெர்மினஸில் ரயிலேறினால் கோரக்பூர், அங்கிருந்து ஜீப்பில் சுனௌலி, ஒரு வளைவைத் தாண்டினால் நேபாளம். நமக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை. அதனாலேயே வெளிநாடு போகிறோம் என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை.

முதல் சிக்கல், தலைவர் கையிலிருக்கும் ஆதார் ஜெராக்ஸ் கட்டு. ரயிலை விட்டு விமானத்தில் போவதானால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஆதார் செல்லும். 15 முதல் 18 வரை என்றால், பள்ளி முதல்வர் உரிய படிவத்தில் தரும் அடையாளச் சான்று. பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சின்னப் பிள்ளைகளை எல்லை தாண்டிக் கூட்டிப்போகவே கூடாது.

பெரிய சிக்கல் கைப்பிரதிப் பையில் இருக்கிறது. நேபாளத்தின் 2015 அரசியல் சாசனம் 26ஆம் பிரிவில் மதமாற்றத்தைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு, மாற்றுவதை மட்டுமல்ல, மாற்ற முயல்வதையும் குற்றமாக்குகிறது. 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். நம் பணத்தில் 31,250. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். இந்தியர்களும் அந்தக் கணக்கில் வெளிநாட்டவர்தான். 1950 இந்திய-நேபாள உடன்படிக்கை போக வர வழிவிட்டதே தவிர, இந்தச் சட்டத்திலிருந்து விலக்குத் தரவில்லை. இரக்கப்பட்டுக் கொடுக்கும் நோட்டுப் புத்தகத்துடன் ஒரு கைப்பிரதியும் போனால், ஆசை காட்டினீர்கள் என்று சொல்ல இடம் கிடைத்துவிடும்.

இது ஏட்டுச் சட்டமும் அல்ல. 2020 மார்ச்சில் போக்கராவில் கைதான ஒரு நேபாளி போதகருக்கு, அடுத்த ஆண்டு நவம்பரில் டோல்பா நீதிமன்றம் 2 ஆண்டு சிறையும் 20,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் அது ஓராண்டாகக் குறைந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. அவர் அந்நாட்டுக்காரர் என்பதைக் கவனியுங்கள். பத்தாம் நாள் நீங்கள் கோரக்பூரில் ரயிலேறிவிடுவீர்கள். உங்களுக்குச் சோறு போட்டு, கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர் அங்கேயேதான் இருப்பார். எனக்கு இந்த ஊழியப் பயணங்களில் உறுத்துவது இதுதான்.

அதற்காகப் போகவே வேண்டாம் என்பதில்லை. 1902இல் யாழ்ப்பாணம் போன திருநெல்வேலிக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பார்த்துக் கற்றுக்கொண்டு வருவதும் ஊழியம்தான் என்று திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே கதை நம் வாசலுக்கும் வரும். வெளிநாட்டுக் குழு செம்பூர் சபைக்குச் சுற்றுலா விசாவில் வந்தால் ஆராதனையில் உட்காரலாம். பிரசங்கம் செய்யவோ கைப்பிரதி கொடுக்கவோ கூடாது. அதற்கு மிஷனரி விசா தனி. 2022 அக்டோபரில் அசாமில் இந்த விதியை மீறியதாக ஜெர்மானியர் ஏழு பேருக்கு ஆளுக்கு 500 டாலர் அபராதம் விழுந்தது. வீட்டில் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்குவதைப் பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. அவர்கள் சபைக்கென்று கையில் திணிக்கும் காணிக்கை ரூபாய் நோட்டாக இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதை வாங்கக் கூடாது.

இனி உங்கள் பயணத்துக்கு வருவோம். பயணப் பணத்துக்கு ரசீது கேளுங்கள். ‘ஐயாகிட்ட ரசீதா?’ என்று கூச்சப்பட வேண்டாம். டிராவல் ஏஜென்ட் ஏமாற்றினால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்தத் துண்டுச்சீட்டுதான் வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். குழுத் தலைவர் ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் பெயரில் அரசு தந்த ஆவணம். பறித்து வைக்க அவருக்கு அதிகாரமில்லை.

நேபாளத்தில் போலீஸ் பிடித்தால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கேட்பது 1963 வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை. தூதரகம் காத்மாண்டு லைன்சௌரில், துணைத் தூதரகம் பீர்கஞ்சில். புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். மும்பையிலுள்ள குடும்பம் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது.

புறப்படும் முன் ஒரு போன் போடுங்கள், உங்களை அழைத்த நேபாளப் போதகருக்கு. என்ன கொண்டுவரலாம், எதைப் பேசலாம் என்று அவரே சொல்லட்டும். ‘கைப்பிரதி வேண்டாம், சும்மா வாங்க’ என்றால் அந்தப் பையை குர்லாவிலேயே, வழியனுப்ப வந்த அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.