கவண்கல்லும் பால்வீதியும்

கண்ணுக்கே தெரியாத பொருள் வானமெங்கும் இருப்பதாக எதை வைத்துச் சொல்கிறார்கள், வேறு விளக்கம் கிடையாதா என்று கேட்டீர்களே அண்ணாச்சி, நல்ல கேள்வி. உட்காருங்கள், டீ வரட்டும்.

திருச்சுழிப் பக்கம் சோளக்காட்டில் குருவி விரட்டக் கவண் சுற்றியிருப்பீர்கள். கல் வேகமாகச் சுற்றச் சுற்ற, கயிறு இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் பறந்துவிடும். வானத்தில் அந்தக் கயிறுதான் ஈர்ப்பு. சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது பூமி. வெகு தொலைவிலுள்ள நெப்டியூனுக்கு ஐந்தரைகூட இல்லை. தள்ளிப் போகப் போகப் பிடி தளரும், வேகமும் குறையும்.

கேலக்ஸியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை அளந்தபோது, வெளிப்புறத்திலும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. தெரிகிற விண்மீன்களின் எடைக்கு அந்த வேகம் ரொம்ப அதிகம்.

காரணம் இரண்டில் ஒன்று. நமக்குத் தெரியாத எடை அங்கே இருக்கிறது. அதற்குத்தான் கரும்பொருள் என்று பெயர். அல்லது ஈர்ப்பு விதியே அங்கே வேறு மாதிரி. இரண்டுக்கும் முன்கதை உண்டு. யுரேனஸ் தடம் மாறியபோது மறைந்திருந்த கோளைத் தேடினார்கள். 1846இல் நெப்டியூன் கிடைத்தது. புதன் தடம் மாறியபோதும் அப்படியே ஒரு கோளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் விதியைத் திருத்தியதும் கணக்கு நேரானது.

1983இல் மோர்டெஹாய் மில்குரோம் இரண்டாவது வழியை எடுத்தார். இங்கே ஒரு கல் விழும் முடுக்கத்தில் ஏறத்தாழ 8,000 கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போனால், பிடி நியூட்டன் சொன்ன அளவுக்குத் தளராது என்றார். அதன்படி சுழலும் வேகம் இரண்டு மடங்கானால் எடை 16 மடங்கு இருக்க வேண்டும். 2016இல் ஸ்டேசி மெக்காவும் கூட்டாளிகளும் 153 கேலக்ஸிகளை ஆராய்ந்தார்கள். தெரிகிற பொருளைத் தெரிந்துகொண்டாலே சுழற்சியைச் சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு ஒழுங்கு இருந்தது. இந்த ஒழுங்கு எனக்குப் பெரிய வியப்பு. கரும்பொருள்காரர்கள் இதற்கு நியாயமான பதில் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த அளவீடு நடக்கிறது. புனே அருகே கோடாட்டில் 45 மீட்டர் அகலத் தட்டுகள் முப்பது நிற்கின்றன, ஜி.எம்.ஆர்.டி. என்பார்கள். ஹைட்ரஜன் வாயு அனுப்பும் 21 சென்டிமீட்டர் அலையைப் பிடித்து, மங்கலான குட்டிக் கேலக்ஸிகள் அறுபதுக்கு மேல் ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர் குழு அளந்தது. குட்டிகளில் முடுக்கம் மிகக் குறைவு. அதனால் மில்குரோம் கணக்கை உரசிப் பார்க்க அவை ஏற்ற இடம்.

ஆனால் கேலக்ஸிக் கூட்டங்களில் அந்தக் கணக்கு இடறுகிறது. அங்கே அதற்கும் தெரியாத எடை கொஞ்சம் தேவைப்படுகிறது. புல்லட் கொத்து என்கிற இடத்தில் அப்படி இரண்டு கேலக்ஸிக் கூட்டங்கள் மோதின. சாதாரணப் பொருளில் பெரும்பகுதியான சூடான வாயு நடுவிலேயே தங்க, ஈர்ப்பு மட்டும் கேலக்ஸிகளோடு முன்னே போயிருப்பதை 2006இல் காட்டினார்கள்.

அதனால் கரும்பொருள் பக்கம்தான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. ஆனாலும் வழக்கை முடித்துத் தீர்ப்பு எழுதக் கூடாது அண்ணாச்சி. அந்தப் பொருளின் ஒரு துகளைக்கூட எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் உறுதியாகப் பிடிக்கவில்லை.