ஒருத்தர் கதை, ஆறு பேர் வேலை: முதலாமாண்டு வகுப்பில் டிஜிட்டல் கதைசொல்லல்

நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் முதலாமாண்டுக்கு டிஜிட்டல் கதைசொல்லல் என்று ஒரு செயல்முறைப் பாடம் உண்டு. 60 பேர், குழுவுக்கு 6 பேர், ஆக 10 வீடியோ. முதல் தடவை நடத்தியபோது ஒரு குழு 'பெண்கள் முன்னேற்றம்' என்று ஆறு நிமிஷத்துக்கு ஒன்று கொண்டுவந்தது. பின்னணியில் புல்லாங்குழல், பறந்து வந்து உட்காரும் எழுத்துகள், கணீரென்று ஒரு குரல். குறை சொல்ல எதுவுமில்லை. 20-க்கு 18 போட்டேன்.

வைவாவில்தான் உறைத்தது. அந்தக் குழுவில் பின்னால் நின்ற பொண்ணிடம், "நீ என்னம்மா பண்ணின?" என்று கேட்டேன்.

"போட்டோ அனுப்பினேன் மேடம். ஒண்ணே ஒண்ணு."

வீடியோவில் மூன்று செகண்ட் வந்துபோகும் படம் அது. பீடி சுற்றும் இரண்டு கைகள், மடியில் முறம். யார் கை என்று கேட்டேன். "எங்கம்மா மேடம். ரேஷன் கடை மெஷின்ல விரல் வச்சா ரேகை விழ மாட்டேங்குது. சுத்திச் சுத்தித் தேஞ்சு போச்சு. அதான் கையை மட்டும் எடுத்தேன்."

ஆறு நிமிஷ வீடியோவில் எங்கேயும் இல்லாத கதை இந்த நாலு வாக்கியத்தில் இருந்தது. எடிட்டிங் முழுக்கச் செய்தவன், ஏற்கெனவே கல்யாண வீடியோ எடிட் பண்ணும் கடையில் பகுதிநேரம் போகிற பையன். அவனுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லித் தரவில்லை. மற்ற ஐந்து பேர் எடிட்டிங் கத்துக்கவே இல்லை. ஆறு பேருக்கும் 18. தப்பு அவர்களிடம் இல்லை, நான் வேலை கொடுத்த விதத்தில்தான் என்று புரிய எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

டிஜிட்டல் கதைசொல்லல் என்றால் 'வீடியோ எடுப்பது' என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது கொஞ்சம் குறிப்பான ஒரு வடிவம். 1993-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் டேனா ஆட்ச்லி என்ற கலைஞர் நடத்திய பயிற்சிப் பட்டறையில் இது தொடங்கியது. அவரோடு சேர்ந்த ஜோ லாம்பர்ட், நாடகத் துறையிலிருந்து வந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த அவர்களுடைய மையம் 1998-இல் பெர்க்லிக்குப் போனது. இன்று அதன் பெயர் ஸ்டோரிசென்டர். கேமராவைத் தொட்டே பழகாதவர்கள் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து, தன் வாழ்க்கையிலிருந்து ஒன்றை, தன் குரலில், தன் வீட்டு ஆல்பத்துப் படங்களை வைத்து இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் சொல்லி முடிப்பார்கள். 2001-இல் பிபிசியும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் வேல்ஸில் 'கேப்சர் வேல்ஸ்' என்று இதையே ஊர் ஊராகக் கொண்டுபோயின. அதை நடத்திய புகைப்படக்காரர் டேனியல் மெடோஸ் வைத்த அளவு இன்னும் கறார்: 250 சொல், இரண்டு நிமிஷம், கொஞ்சம் படங்கள். குறள் வெண்பாவுக்கு ஏழு சீர் என்கிற மாதிரி. அளவு இருப்பதால்தான் ஆரம்பிக்கவே தைரியம் வருகிறது.

லாம்பர்ட் ஏழு கூறுகள் சொல்வார். யாருடைய பார்வை, கேட்பவரைக் கடைசிவரை இழுத்துப்போகும் கேள்வி என்ன, உணர்ச்சி எங்கே, சொந்தக் குரல், பின்னணி ஒலி, சிக்கனம், வேகம். எங்கள் பசங்க நேராக ஓடுவது பின்னணி ஒலிக்கு. யூடியூபில் சோகப் புல்லாங்குழல் தேடி எடுத்துவிட்டுத்தான் கதையையே யோசிப்பார்கள்.

இந்த வடிவத்தின் அடிப்படையே 'ஒருத்தர், அவர் கதை, அவர் குரல்'. நாம் இதைக் குழுத் திட்டமாக்கும்போது அந்த ஒருத்தர் காணாமல் போய்விடுகிறார். ஆறு பேருக்கும் பொதுவாக ஒரு கதை இருக்க முடியாது, அதனால் ஆறு பேரும் ஒத்துக்கொள்கிற ஒரு தலைப்பு வருகிறது. பிளாஸ்டிக் ஒழிப்பு, பெண்கள் முன்னேற்றம், மரம் நடுதல். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி அப்படியே வீடியோவாக வந்து நிற்கும்.

ஆனால் பெர்க்லி பட்டறையிலும் குழு உண்டு. அங்கே குழுவின் வேலை கேட்பது. முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்வார்கள். ஒவ்வொருவரும் தன் கதையை வாயால் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்டுவிட்டுப் பிறகு பேசலாம். பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. "நீ இப்படிச் செய்" என்று சொல்லாமல், "இது என் கதையா இருந்தா நான் அந்த இடத்துல ஆரம்பிப்பேன்" என்று ஆரம்பிக்க வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் கதை சொன்னவர் கையிலேயே கதை இருக்கும்.

மறு வருஷம் இதைத்தான் செய்தேன். கேமரா கிடையாது, போன் பையில். ஆளுக்கு மூன்று நிமிஷம், பத்து வட்டமும் ஒரே நேரத்தில், ஒரு பீரியடில் முடிந்துவிட்டது. 60 பேருக்கு நேரம் எங்கே என்று நான் பயந்தது வீண்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று மொழியில் கிடைத்தது. பேப்பரைக் கொடுத்து ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னால், "எனது அன்னை அதிகாலையில் துயிலெழுந்து" என்று எழுதுகிற பையன், வட்டத்தில் "எங்கம்மா நாலு மணிக்கே எந்திரிச்சுரும்" என்று சொல்கிறான். அவன் சொன்னதை அப்படியே போனில் பதிவுசெய்து, பிறகு அதைக் கேட்டு எழுதச் சொன்னேன். எழுத்துத் தமிழில் மறைந்துபோகிற ஊரும் ஆளும் இதில் திரும்பி வந்துவிடுகிறார்கள். 250 சொல் கணக்கு மட்டும் நமக்கு ஒத்துவரவில்லை. ஆங்கிலத்தில் மூன்று நாலு சொல்லில் வருவது நமக்கு ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டு நீளும். நிதானமாகப் பேசினால் இரண்டு நிமிஷத்துக்கு 160, 170 சொல் போதும் என்று எங்கள் அளவில் கண்டுகொண்டோம்.

அடுத்த பிரச்சினை, யார் வேலை செய்கிறார்கள் என்பது. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்து, 1913-இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைந்தது. 1979-இல் லாத்தானேயும் கூட்டாளிகளும் கைதட்டவும் கத்தவும் விட்டுச் சோதித்தபோதும் அதே கதை. கொஞ்சம், ஒன்றாகச் சேர்ந்து இழுக்க வராத குழப்பம். மீதி, நம்ம பங்கு யாருக்கும் தெரியப்போவதில்லை என்கிற நினைப்பு. அவரவர் பங்கு தனியாகத் தெரியும் என்றால் அந்தச் சோம்பல் பெரிதும் குறைகிறது என்று அவர்களே பிறகு காட்டினார்கள். எனக்கு இதைப் படித்தபோது ஆறு பேருக்கும் போட்ட அந்த 18 ஞாபகம் வந்தது.

மாற்று வழி எலியட் ஆரன்சனிடம் கிடைத்தது. 1971-இல் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த சமயம். பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அவரவர் துண்டை மற்றவருக்குச் சொல்லித்தர வேண்டும், பரீட்சை மட்டும் முழுப் பாடத்திலும் தனித்தனியாக. எங்கள் வகுப்பில் துண்டுகள் இவை: குரல் பதிவு, படம் எடுப்பது, ஸ்கிரிப்ட் குறைப்பது, எடிட்டிங், சப்டைட்டில், அனுமதி வாங்குவது. ஒவ்வொரு குழுவிலிருந்தும் குரல்காரர்கள் பத்து பேர் ஒன்றாகக் கூடிக் கற்றுக்கொண்டு தம் குழுவுக்குத் திரும்புவார்கள். (ஃபேனை நிறுத்தணும், பீரோவைத் திறந்து துணிக்கு நடுவுல போனை வச்சுப் பேசணும் என்பதை ஒரு ஹாஸ்டல் பையன்தான் எல்லோருக்கும் சொல்லித் தந்தான்.) கல்யாண வீடியோ ஆட்கள் எல்லா வருஷமும் இருப்பார்கள். அவர்களுக்கு எடிட்டிங் கிடையாது, ஸ்கிரிப்ட் குறைப்புதான். முனகுவார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் தனியாக, தன் போனில், 30 செகண்ட் எடிட் செய்து காட்ட வேண்டும். மார்க்கில் பாதி இதற்கு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குழு வீடியோவுக்கு ஆறு கதையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெரும்பாலும் அதிகம் அழவைத்த கதைக்குத்தான் ஓட்டு விழுந்தது. இரண்டாவது வாரமே அது சோகப் போட்டி ஆகிவிட்டது. அப்பா இறந்ததைச் சொன்னவளுக்கு முன்னால், சைக்கிள் கத்துக்கிட்ட கதை சொன்னவன் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தான். உண்மையில் சைக்கிள் கதைதான் நன்றாக இருந்தது, அதில் அடுத்து என்ன ஆகும் என்கிற கேள்வி இருந்தது. இப்போது ஓட்டு கிடையாது. எந்தக் கதையைக் கேட்டபோது உனக்கு ஒரு கேள்வி வந்தது என்று மட்டும் கேட்கிறேன். அதிகக் கேள்வி வந்த கதை, சொன்னவருக்குச் சம்மதமானால், வீடியோவாகும். சம்மதமில்லை என்றால் காரணம் கேட்பதில்லை. பதினெட்டு வயதில் ஒரு வட்டத்தில் சொல்லத் துணிந்ததை ஊரே பார்க்கும்படி போட வேண்டுமென்று யாருக்கும் கட்டாயமில்லை. படத்தில் வருகிற வீட்டு ஆட்களிடமும் கேட்டாக வேண்டும். அனுமதி வாங்குவதைத் தனித் துண்டாக வைத்தது இதனால்தான்.

அந்தப் பொண்ணிடம் அடுத்த வருஷம், அந்தக் கைகளைப் பற்றி நீயே ஒன்று செய்கிறாயா என்று கேட்டேன். "அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்" என்றாள். ஒரு வாரம் கழித்து வந்தாள். முகம் காட்டக் கூடாது, எந்த ஊர்க் கடை என்று சொல்லக் கூடாது, கை மட்டும் காட்டலாம். இரண்டே கால் நிமிஷத்தில் முடித்துக் கொண்டுவந்தாள். பாட்டு எதுவும் வைக்கவில்லை. அவள் பேச்சுக்கு அடியில் கத்தரியால் இலை வெட்டும் சத்தம் மட்டும் ஓடுகிறது. இரண்டாமாண்டு போய்விட்டதால் அதற்கு மார்க் கிடையாது.