பாலியைத் தேடிச் சென்ற கோவாவாசி

புத்த பகவான் ஞானம் பெற்றது நமது கயையில். முதல் உபதேசம் செய்தருளியது நமது காசிக்கு அருகில். ஆயினும் அவருடைய திருவாக்கைப் பாலி மூலத்திலேயே கற்க விரும்பிய ஓர் இந்தியர், கடல் கடந்து இலங்கைக்குப் போக வேண்டியிருந்தது. நாம் வெட்கப்படத்தக்க விஷயம் இதைவிட வேறு உண்டோ? அந்த இந்தியர்தாம் ஆசார்ய தர்மானந்த கோசாம்பி.

1876-ல் கோவாவில் பிறந்தவர். பள்ளிப் படிப்போ சொற்பம். தென்னந்தோப்பைப் பார்த்துக் கொள்வதே உத்தியோகம். மராத்திச் சிறுவர் பத்திரிகையில் வந்த புத்தரின் வரலாறு ஒன்று கண்ணில் பட்டது. அவ்வளவுதான். 1899-ன் இறுதியில் மனைவியையும் பச்சைக் குழந்தையையும் விட்டுப் புறப்பட்டுவிட்டார். சித்தார்த்தர் செய்ததும் இதுதானே என்று புகழ்வது எளிது. அந்த அம்மாள் பட்ட பாட்டை நாம் விசாரிப்பதில்லை.

காசியில் சத்திரத்துச் சோறுண்டு ஸம்ஸ்கிருதம் பயின்றார். நேபாளம் சென்று ஏமாற்றமடைந்தார். 1902-ல் கொழும்பு வித்யோதயப் பிரிவேணாவில் ஸுமங்கல மகாதேரரிடம் பாலி கற்றுப் பிக்ஷுவானார். பின்னர் சீவரத்தைக் களைந்து கல்கத்தாவில் ஆசிரியரானார். அங்கே பெரிய சம்பளம் காத்திருக்க, பரோடா மகாராஜா அளித்த ஐம்பது ரூபாயே போதும் என்று வந்துவிட்டார். தம் மராத்தி மக்களுக்குப் புத்தரைச் சொல்ல வேண்டுமென்பதே காரணம். ஹார்வர்டு சர்வகலாசாலை அழைத்தது. ‘விசுத்திமக்க’த்தைப் பரிசோதிக்கும் பணிக்காகப் பன்முறை அமெரிக்கா சென்றார்.

1930-ல் உப்பு ஸத்தியாக்கிரகம் வந்ததும் ஏடுகளை மூடிவிட்டுச் சிறை புகுந்தார் இந்தப் பண்டிதர்! 1937-ல் பம்பாய்ப் பரேலில், ஆலைத் தொழிலாளர் நடுவே, பகுஜன விகாரம் அமைத்தார்.

முதுமையில் உடல் தளர்ந்தபோது, பிறருக்குப் பாரமாக வாழ விரும்பாமல் ஆகாரத்தை நிறுத்தினார். காந்தியடிகள் ஒருமுறை தடுத்தும் மனம் மாறவில்லை. 1947 ஜூன் 4-ல் சேவாகிராமத்தில் உயிர் நீத்தார். கடுந்தவம் வேண்டாமென்றவர் புத்தர். அவர் அடியார் இப்படிச் செய்தது நமக்குச் சமாதானமாகவில்லை. சமண நெறியில் அவருக்கிருந்த ஈடுபாடே இதற்குக் காரணம் போலும். மறுநாள் தில்லிப் பிரார்த்தனைக் கூட்டத்தில், விளம்பரம் நாடாத அந்தத் தொண்டரை மகாத்மா நினைவுகூர்ந்தார்.

அவர் உழைத்த ஹார்வர்டு ‘விசுத்திமக்க’ப் பதிப்பு 1950-ல்தான் அச்சேறியது.